எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்: சேர் பொன். அருணாசலம் விட்டுச் சென்ற கணக்கு

இந்நாட்டின் அரச புள்ளிவிபர அட்டவணைகளைப் புரட்டிப் பழகியவர்கள் ஒரு சிறிய அடிக்குறிப்பை நன்கறிவர். தொழிலின்மை வீதமாகட்டும், குடும்ப வருமானமாகட்டும், குழந்தைகளின் போஷாக்காகட்டும், தலைப்பிலே இலங்கை என்றிருக்கும். அடியிலே, பொடி எழுத்தில், வடக்கு கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக என்றிருக்கும். 1987 இலும் 1993 இலும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகள், 1990 இல் தொடங்கிய தொழிற்படை அளவீடு, 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் வீட்டு வருமான, செலவு அளவீடுகள் யாவும் அந்த வரியைத் தாங்கியே வெளிவந்தன. இருபத்தைந்து மாவட்டங்களையும் உள்ளடக்கிய வருமான அளவீடு ஒன்றைக் காண 2012/13 வரை இந்நாடு காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்திரிகைக்காரராகிய நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். தலைப்புக்கு இடம் போதாதென்ற சாக்கில் அடிக்குறிப்பைக் கத்தரித்துவிட்டு, இலங்கையில் வறுமை குறைந்தது என்றும் இலங்கையில் குழந்தை மரணம் தாழ்ந்தது என்றும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். அந்த இலங்கையில் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் இருக்கவில்லை என்பதை எத்தனை வாசகர்கள் அறிந்திருப்பர்? ஓர் எண் எவரிடமிருந்து திரட்டப்பட்டதோ அவரைப்பற்றி மட்டுமே அது பேச முடியும். எளிய உண்மைதான். ஆயினும் ஆட்சியாளரும் ஆய்வாளரும் எம்மைப் போன்றோரும் மிக எளிதாக மறந்துவிடுகின்ற உண்மையும் இதுவே.

இதைப்பற்றி எண்ணும்போதெல்லாம் சேர் பொன்னம்பலம் அருணாசலம் எமக்கு நினைவுக்கு வருகிறார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் தலைவர் என்றும், இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவர் என்றும், தமிழிலக்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் தோய்ந்தவர் என்றும் அவரை எமது வாசகர்கள் அறிவர். அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் ஒற்றை வரியில் கடந்து செல்லப்படும் ஒரு பணி உண்டு. 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அதன் அறிக்கையை எழுதியவர் அவரே. இந்நாட்டு மக்கள் தொகையை முழுமையாக எண்ணும் பொறுப்பை ஏற்றிருந்த ஒருவர், பின்னாளில் அந்த எண்களின் அரசியலிலேயே சிக்குண்டு மனம் நொந்து விலக நேர்ந்தது. அந்த வாழ்வை அக்கோணத்திலிருந்து பார்ப்பதே எமது நோக்கம்.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடையில் இன்றும் கம்பீரமாக நிற்கின்ற பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவியவர் அவரே; பின்னர் அதனைக் கருங்கற் கோயிலாகத் திருப்பணி செய்தவர் மூத்த சகோதரரான சேர் பொன்னம்பலம் இராமநாதன். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இவருக்கு மைத்துனர் முறையானவர். இத்தகைய குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர், பின்னர் றோயல் கல்லூரியாகப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியில் கற்று, புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றார். 1875 இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்தார். அவ்வழியால் நுழைந்த முதல் இலங்கையர் அவரே.

நீதவானாகவும் நீதிபதியாகவும் பல ஊர்களில் கடமையாற்றிய பின்னர், 1880களின் பிற்பகுதியில், தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகம் பதவிக்கு நியமித்தார். மூத்த அதிகாரிகள் பலரைத் தாண்டி வழங்கப்பட்ட நியமனம் அது. பதிவாளர் நாயகம் என்பது கவர்ச்சியான பதவியன்று. பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகிய நான்கின் பேரேடுகளுக்குக் காவலிருப்பதே வேலை. ஆயினும் ஒரு நாட்டின் மக்களைப்பற்றிய எந்தக் கணக்கும் இறுதியில் அந்தப் பேரேடுகளிலேயே போய் நிற்கும். பிறந்த பிள்ளை பதியப்படாவிட்டால் அரசின் கண்ணுக்கு அது பிறக்கவில்லை. இறந்தவர் நீக்கப்படாவிட்டால் அவர் இறக்கவும் இல்லை. அருணாசலம் அந்த அலுவலகத்தைச் சீர்திருத்தி, பதிவு முறைகளை ஒழுங்குபடுத்தினார் என்பது அவருடைய அரச சேவையில் முதன்மையாகப் பேசப்படுவது.

இந்தப் பின்னணியிலேயே 1901 மார்ச்சு மாதத்தில் குடிசன மதிப்பீடு அவர் பொறுப்பில் நடந்தது. இலங்கையில் தீவு முழுவதையும் தழுவிய நவீன மதிப்பீடு முதன்முதலாக 1871 இல் நடைபெற்றது. அப்போது எண்ணப்பட்டோர் 24 இலட்சத்துக்குச் சற்று மேல். பத்தாண்டுக்கொரு முறையென வந்த வரிசையில் 1901 நான்காவது. வீடுகளுக்கு இலக்கமிட்டு, முன்னோட்டமாக ஒரு தடவை விபரம் திரட்டி, பின்னர் குறித்த ஓர் இரவில் அவ்விபரங்களைச் சரிபார்த்து முடிப்பதே அக்கால நடைமுறை. நகரத்திலே மாடிவீடும் சேரியும், மலைநாட்டிலே லயக்காம்பராக்களும், வன்னியிலே காட்டுக் கிராமங்களும், கரையோரத்திலே வாடிகளும் ஒன்றும் விடுபடலாகாது. தொலைபேசி அரிதாயிருந்த காலத்தில் இது எத்தகைய வேலை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கிடைத்த தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்து 954. ஆனால் அதே மதிப்பீட்டுக்கு இன்னொரு மொத்தத் தொகையும் உண்டு: 35 இலட்சத்து 78 ஆயிரத்து 333. இரண்டும் பிழையல்ல. இராணுவத்தினரையும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் இருந்தோரையும், யுத்தக் கைதிகள் 4,914 பேரையும் சேர்த்தால் வருவது பெரிய தொகை. சேர்க்காவிட்டால் சிறியது. அந்த யுத்தக் கைதிகள் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டுக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட போயர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். தியத்தலாவைக் குளிரில் முட்கம்பிக்குள் இருந்த ஒரு டச்சுக் குடியானவன் இலங்கையின் குடித்தொகையைச் சேர்ந்தவனா? அன்றிரவு அவன் இலங்கையில்தான் உறங்கினான். ஆனால் அவன் இலங்கையனல்லன்.

சமூக ஆய்வு நூல்கள் குடித்தொகை என்ற சொல்லுக்கு முதல் அத்தியாயத்திலேயே வரைவிலக்கணம் தருகின்றன. யாரைப்பற்றிய முடிவுக்கு வர விரும்புகிறோமோ அவர்கள் அனைவரும் சேர்ந்த முழுமையே குடித்தொகை. அது ஒரு நாட்டின் மக்களாகவும் இருக்கலாம். கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளில் ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். முக்கியமானது, எல்லைக்கோட்டை முன்கூட்டியே வரைந்து, அதை மறைக்காமல் சொல்லிவிடுவது. 1901 இன் இரண்டு தொகைகளும் பக்கத்தில் பக்கமாக நிற்பது அந்த நேர்மையின் அடையாளம் எனலாம். பெரியதொரு எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால் கேட்பாரில்லை.

எல்லைக்கோட்டுக்கு உள்ளேயும் கோடுகள் உண்டு. அவைதான் எமது சமூகங்களை இன்றுவரை உறுத்துபவை. 1901 மதிப்பீட்டில் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்றும் கண்டிச் சிங்களவர் என்றும் இரண்டாகக் காட்டப்பட்டனர். தமிழர் ஒரே தலைப்பின்கீழ் சுமார் ஒன்பதரை இலட்சம். பத்தாண்டு கழிந்து, 1911 இல், அதே தமிழர் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் பிரிக்கப்பட்டனர். இரு பகுதியும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் ஐந்தேகால் இலட்சத்தை அண்டி நின்றன. மனிதர்கள் மாறவில்லை. அட்டவணையின் நிரல்தான் மாறியது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, எந்த நிரலில் எவர் எழுதப்பட்டிருந்தார் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாயிற்று.

சோனகரின் கதை இன்னொரு வகையில் கூர்மையானது. 1888 இல் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனவகையால் தமிழரே என்று வாதிட்டு ஆய்வுரையொன்றை நிகழ்த்தினார். முஸ்லிம் சமூகம் அதைக் கடுமையாக எதிர்த்தது; அறிஞர் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907 இல் விரிவான மறுப்பொன்றை நூலாகவே எழுதினார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் வேண்டுமா என்பது அக்காலத்து விவாதம். 1889 இல் எம். சீ. அப்துல் றகுமான் அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டார். அண்ணன் எழுப்பிய அந்த வாதம் ஓயாதிருந்த காலத்தில் தம்பி நடத்திய குடிசன மதிப்பீட்டில், சோனகர் சுமார் 2 இலட்சத்து 28 ஆயிரம் பேர் தமிழரிலிருந்து வேறான தலைப்பின் கீழேயே எண்ணப்பட்டனர் என்பது கவனத்துக்குரியது. முந்திய மதிப்பீடுகளின் வழக்கமும் அதுவே. மொழி ஒன்றாயிருப்பதால் மக்கள் ஒன்றாகிவிடுவதில்லை. தாம் யார் என்று மக்கள் சொல்கிறார்களோ அதை எழுதிக்கொள்வதே கணிப்பாளனின் வேலை.

அருணாசலம் முழுமையை எண்ணினார். ஆனால் எல்லாரையும் எல்லா வேளையிலும் எண்ணிக்கொண்டிருக்க எந்த அரசாலும் இயலாது. அவர் பதிவாளர் நாயகமாயிருந்த அதே காலத்தில், 1895 இல், நோர்வே நாட்டின் புள்ளிவிபர அதிகாரி கியேர் என்பவர், முழுமையை எண்ணாமல் அதன் ஒரு பகுதியை முறையாகத் தெரிந்தெடுத்து ஆராய்ந்தாலே போதுமென்ற கருத்தை ஐரோப்பியப் புள்ளிவிபர அறிஞர் முன் வைத்தார். பலர் முகஞ்சுளித்தனர். பகுதியை வைத்து முழுமையைப் பேசுவதா என்பது அவர்களுடைய ஆட்சேபம். 1912 இல் இங்கிலாந்தின் றெடிங் நகரில் பேராசிரியர் போலி தொழிலாளர் குடும்பங்களை மாதிரி முறையால் ஆராய்ந்து காட்டினார். எமது அயலில் அதைப் பேரளவில் செய்து காட்டியவர் வங்காளத்தின் மகலனோபிஸ். 1930களில் சணல் பயிரிடப்பட்ட நிலப்பரப்பை மாதிரி அளவீட்டால் மதிப்பிடத் தொடங்கிய அவர், 1950 இல் இந்தியாவின் தேசிய மாதிரி அளவீட்டுக்கு வழிவகுத்தார். இலங்கையில் மத்திய வங்கி 1953 இல் நுகர்வோர் நிதி அளவீட்டைத் தொடங்கியது.

பகுதி எப்படி முழுமைக்காகப் பேச முடியும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எமது பெண்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள் எனப் பேச்சாளர்கள் கைதட்டல் வாங்குவதுண்டு. அந்தப் பழமொழியை நாம் முழுமனதோடு ஏற்பதற்கில்லை. பானையிலுள்ள அரிசி ஒரே இனம். ஒரே நீரில், ஒரே சூட்டில், கிளறப்பட்டு வேகிறது. ஆகவே எந்தச் சோற்றை எடுத்தாலும் ஒன்றுதான். சமூகம் அப்படிக் கிளறப்பட்ட பானையன்று. அதன் அடியில் கருகியதும் மேலே வேகாததும் இருக்கும். மேலாக ஒரு சோற்றை எடுத்துவிட்டுப் பதம் சொல்பவரே எமது நாட்டில் அதிகம்.

கொழும்பையே எடுத்துக்கொள்வோம். கொழும்புத் தமிழரின் கருத்தை அறியவேண்டுமென்று ஓர் ஆய்வு மாணவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் இறங்கி, மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியோரத்தில் நின்று, எதிர்ப்படும் இருநூறு பேரிடம் வினாக்கொத்தை நீட்டுகிறார். நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் வந்தோர் அகப்படுவர். மின்தூக்கி பழுதான தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் முடங்கியிருக்கும் முதியவர் அகப்படமாட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இரவு வேலைக்குச் செல்பவர் அகப்படமாட்டார். ஜிந்துப்பிட்டியிலும் மட்டக்குளியிலும் தலைமுறையாக வாழும் மலையக வம்சாவளியினர் அகப்படமாட்டார். முகத்தை மூடிக்கொண்டு விரைந்து செல்பவர் நிற்கவே மாட்டார். எதிர்ப்பட்டவரைக் கேட்டோம், ஆகவே இது எழுமாற்று மாதிரி என்று ஆய்வேட்டில் எழுதப்படும். அத்தகைய ஏடுகள் சிலவற்றை நாமும் வாசித்திருக்கிறோம்.

எழுமாற்று என்பது கண்டபடி எடுப்பதன்று. அதற்கு நேர்மாறானது. குடித்தொகையிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். யாரைத் தெரிவது என்ற தீர்மானம் ஆய்வாளரின் கண்ணுக்கும் காலுக்கும் உட்படாமல் திருவுளச்சீட்டுக்கு உட்பட வேண்டும். அதற்கு முதலில் ஒரு பெயர்ப்பட்டியல் தேவை. மாதிரிச் சட்டகம் என்று இதனைச் சொல்வர். முழுப்பட்டியல் இல்லாத இடத்தில் படிப்படியாக இறங்கலாம். முதலில் சிறு கணிப்பீட்டுப் பிரிவுகளைச் சீட்டிழுத்துத் தெரிவது, பின்னர் தெரிவான பிரிவிலுள்ள வீடுகளை மட்டும் பட்டியலிட்டு அவற்றுள் சிலவற்றை இழுப்பது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வருமான அளவீடு இப்படித்தான் நடக்கிறது. 2012/13 இல் நாடு முழுவதுக்குமென அது தெரிந்தெடுத்தவை 25,000 வீட்டலகுகள். அந்த இழுப்புக்குரிய சட்டகத்தைத் தருவது குடிசன மதிப்பீடு. அருணாசலம் செய்த முழு எண்ணிக்கை வேறு, இன்றைய மாதிரி ஆய்வு வேறு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். முன்னது பழுதானால் பின்னதும் பழுது.

சட்டகம் கிடைத்த பின்னும் சங்கடம் தீர்வதில்லை. வெள்ளவத்தையில் ஒரு கதவைத் தட்டினால் உள்ளே எத்தனை குடும்பம்? ஒரே உலையில் உண்போர் ஒரு குடும்பம் என்பது கணிப்பாளருக்குச் சொல்லப்படும் விதி. அக்கா வீட்டில் தங்கி, கடையில் சாப்பிட்டு, கனடா விசாவுக்குக் காத்திருக்கும் தம்பி எந்த உலையைச் சேர்ந்தவர்? யுத்த காலத்து லொட்ஜுகளில் மாதக்கணக்கில் இருந்தோரை எந்த ஊரில் எழுதுவது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வாழ நேர்ந்த முஸ்லிம்கள் புத்தளத்தின் குடித்தொகையா, மன்னாரினதா, யாழ்ப்பாணத்தினதா? பெயரை இங்கே பதிந்தால் அங்கே உரிமை போகும். அங்கே பதிந்தால் இங்கே நிவாரணமும் பாடசாலையும் போகும். நூலில் அரைப்பக்கத்தில் முடியும் வரைவிலக்கணம் அவர்களுக்கு மூன்று தசாப்தங்களாக முடியவில்லை.

மாதிரி பெரிதாயிருந்தால் போதுமென்பது இன்னொரு மயக்கம். அதைத் தெளிவித்தது 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். லிட்டரரி டைஜெஸ்ட் என்ற சஞ்சிகை ஒரு கோடி பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, சுமார் 24 இலட்சம் பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. 48 மாநிலங்களில் 46 இல் வென்றவர் றூஸ்வெல்ட். தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களையே பெரிதும் நம்பியதும், அனுப்பப்பட்டோரில் கால்வாசிப் பேர் மட்டுமே பதிலளித்ததும் அந்தச் சஞ்சிகையைக் கவிழ்த்தன. மிகச் சிறிய மாதிரியை வைத்திருந்த கலப் சரியாகச் சொன்னார். எமது பத்திரிகை வாழ்விலும் ஒரு சிறு டைஜெஸ்ட் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், தொலைபேசி மூலம் திரட்டப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பைத் தமிழ் மக்களின் தீர்ப்பு என்ற தொனியில் வெளியிட்டோம். அழைக்கப்பட்ட இலக்கங்கள் யாவும் கொழும்பு வீடுகளுக்குரியவை என்பதைப் பின்னர் ஒரு வாசகர்தான் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினார். திருத்தம் உட்பக்கத்தில் வந்தது.

சரியாக இழுக்கப்பட்ட மாதிரியிலும் சிறுபான்மையினர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. எழுமாற்றாக ஆயிரம் பேரைத் தெரிந்து கேட்டால் கிடைக்கும் நூற்றுவீதம், முழுமையின் உண்மையான நூற்றுவீதத்திலிருந்து பெரும்பாலும் மூன்று புள்ளிகளுக்கு மேல் விலகாது. நாட்டில் இரண்டு கோடி பேர் இருந்தாலும் இருபது இலட்சம் பேர் இருந்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை. இது மாதிரி முறையின் வல்லமை. ஆனால் 2012 மதிப்பீட்டின் விகிதப்படி அந்த ஆயிரத்துக்குள் இலங்கைச் சோனகர் சுமார் 93 பேர், இந்தியத் தமிழர் சுமார் 41 பேர், மலாயர் இரண்டு பேர். அந்த 93 பேரை மட்டும் தனியே பிரித்து முஸ்லிம்கள் இப்படி எண்ணுகிறார்கள் என்று சொன்னால் விலகல் மூன்று புள்ளியன்று, பத்துப் புள்ளி. 41 பேரை வைத்துச் சொன்னால் பதினைந்து. இரண்டு பேரை வைத்துக் கொம்பனித்தெரு மலாயரைப்பற்றி என்ன சொல்வது? ஆகவேதான் ஒவ்வொரு சமூகத்தையும் தனிப் படையாக வகுத்து, சிறிய படையிலிருந்து கூடுதலானோரைத் தெரிந்து, இறுதிக் கூட்டலில் உரிய நிறையிட்டுச் சமப்படுத்துகிறார்கள். செலவு கூடியது. ஆனால் அதைச் செய்யாமல் தேசியக் கருத்துக்கணிப்பு என்ற பெயரில் முஸ்லிம்கள் பற்றியும் மலையகத்தார் பற்றியும் தீர்ப்புரைக்கும் அறிக்கைகளை நம்பவேண்டிய கட்டாயம் வாசகர்களுக்கு இல்லை.

இதுவரை சொன்னவை யாவும் கணக்கால் திருத்தக்கூடியவை. கணக்கால் திருத்த முடியாதது அச்சம். 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததாக அக்காலத்திலேயே பரவலாகப் பதிவாயிற்று. நூல்களில் மாதிரிச் சட்டகத்துக்கு முதல் உதாரணமாகக் காட்டப்படுவது அதே வாக்காளர் இடாப்புத்தான். 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருந்தோர் பொலிஸில் பதிவுசெய்ய வரிசையில் நிறுத்தப்பட்டனர். இவற்றைக் கடந்து வந்த ஒருவரின் கதவை ஒரு மாணவி வினாக்கொத்தோடு தட்டும்போது, வீட்டில் எத்தனை பேர் என்ற முதற் கேள்விக்கே உள்ளிருந்து மௌனம்தான் வரும். பதிலளியாதோர் என்று ஆய்வேட்டில் ஒரு நிரல் உண்டு. பதிலளித்தோரும் பதிலளியாதோரும் ஒரே மாதிரியானவர்கள் என்று எண்ணிக்கொண்டு மேலே செல்வதே வழமை. வெள்ளவத்தையில் அப்படி எண்ண முடியாது. 2001 குடிசன மதிப்பீடு ஏழு மாவட்டங்களில் முற்றுப்பெறாமற் போனதற்கும் யுத்தமே காரணம். 1981 க்கும் 2012 க்கும் இடையில் அம்மாவட்டங்களில் ஒரு முழு எண்ணிக்கை இல்லை. ஒரு தலைமுறை எண்ணப்படாமலே வளர்ந்து, எண்ணப்படாமலே பலர் இறந்தும் போயினர்.

அருணாசலத்தின் காலத்தில் எண்ணுவதற்கு இத்தகைய அச்சம் இருக்கவில்லை. ஆனால் எண்ணின் அரசியல் அப்போதே முளைத்திருந்தது. 1913 இல் ஓய்வுபெற்ற அவர் சும்மாயிருக்கவில்லை. 1915 இல் சமூக சேவைச் சங்கம். 1917 இல் அரசியற் சீர்திருத்தச் சங்கம். 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம். ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராகப் பேசியவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். ஹோட்டன் பிளேஸ் மாளிகையில் வாழ்ந்த ஒரு நைற் பட்டதாரிக்கு லயத்துக் கூலியாளின் சிறைவாசம் ஏன் உறுத்தியது? குடிசன மதிப்பீடு, தோட்டத்து மக்களை அவருடைய மேசைக்குக் கொண்டுவந்தது என்று நாம் எண்ணுவதுண்டு. அது எமது ஊகம்.

1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாகியபோது சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் ஏற்றுக்கொண்ட முதற் தலைவர் அவரே. பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்தைத் தமிழர் ஏற்பதற்காக, மேல் மாகாணத்தில் ஓர் ஆசனம் தமிழருக்கென ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் யாழ்ப்பாணச் சங்கத்துக்கு எழுத்தில் உறுதியளித்திருந்தனர். 1921 இல் அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை. கொழும்பு நகர ஆசனத்துக்கு ஜேம்ஸ் பீரிஸ் முன்னிறுத்தப்பட்டார். மாகாணத்தின் தலைக்கணக்கில் தமிழர் சிறுபகுதியினர். தலைகளை எண்ணி ஆசனம் பகிர்ந்தால் அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. இந்தக் கூட்டல் கழித்தலை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1923 இல் இலங்கைத் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பித்தார்.

அவ்வெளியேற்றத்தைச் சிலர் இனவாதமென்றும் சிலர் தன்மானமென்றும் எழுதியுள்ளனர். எமது கருத்து, அவரிடம் ஏமாற்றமே விஞ்சியிருந்தது என்பதாகும். எண்ணிக்கை நீதிக்கு உதவும் என்று நம்பி உழைத்த ஒருவர், எண்ணிக்கையையே நீதியாகக் கொள்ளும் ஓர் அரசியலை எதிர்கொண்டார். அதற்கு விடை காணும் அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. தென்னிந்தியத் தலங்களைத் தரிசிக்கச் சென்றவர் 1924 ஜனவரி 9 ஆம் திகதி மதுரையில் காலமானார்.

அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த அரசியற் சீர்திருத்தத்தில் சட்ட நிரூபண சபையின் இனவாரி ஆசனங்கள் பதினொன்று: ஐரோப்பியருக்கு மூன்று, பறங்கியருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு மூன்று, இந்தியருக்கு இரண்டு, மேல் மாகாணத் தமிழருக்கு ஒன்று. அந்தக் கடைசி ஆசனத்துக்காகவே அவர் காங்கிரஸை விட்டு விலகியிருந்தார்.